நியூசிலாந்தில் கார் வாங்கப் போனோம்... திண்டுக்கல்லில் இருந்து அப்பா செக் பண்ணினார்!

இரவு 11 மணிக்கு அக்காவுக்கு ஷிஃப்ட் முடியும். அந்த நேரத்தில் அவள் வீட்டுப் பக்கம் போகும் பஸ் எதுவும் கிடையாது. வாரத்தில் நான்கு நாள் டாக்ஸி. ஒரு நாளைக்கு 25 டாலர். நம்ம ஊர்க் கணக்கில் 1,250 ரூபாய். "சம்பாதிக்கிறதுல ஒரு மணி நேரம் டாக்ஸிக்காரருக்குத்தான்டா" என்று ஒவ்வொரு போன்காலிலும் சொல்வாள். காசைவிட இன்னொரு விஷயம்தான் வீட்டில் எல்லோரையும் உறுத்தியது. டாக்ஸி கிடைக்காத நாள்களில் 40 நிமிடம் நடந்தே வந்திருக்கிறாள். அதை எங்களிடம் சொல்லவில்லை. அவளுடன் வேலை பார்க்கும் கேரளத்து சேச்சி ஒருவர் பேச்சுவாக்கில் அம்மாவிடம் சொல்லித்தான் தெரிந்தது.

அக்கா நர்ஸ். நியூசிலாந்தின் ஹாமில்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. போய் எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. 2024 ஜூலையில் மூன்று வாரம் லீவு போட்டுவிட்டு நான் கிளம்பினேன். ஊர் சுற்றிப் பார்க்கத்தான் டிக்கெட் எடுத்தேன். ஆனால், சென்னை ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது அப்பா என் கையில் ஒரு சின்ன டார்ச் லைட்டைக் கொடுத்தார். "கார் பார்க்கப் போறப்போ அடியில அடிச்சுப் பாரு. துரு இருந்தா வேணாம்னு சொல்லிடு" என்றார். அப்போதுதான் புரிந்தது, இது டூர் இல்லை, டியூட்டி என்று!

அப்பா 30 வருடமாக டிரைவர். திண்டுக்கல்லில் டிராவல்ஸ் வேன், கல்யாண கார், ஸ்கூல் வேன் என்று எல்லாம் ஓட்டியிருக்கிறார். எதுவுமே சொந்த வண்டி இல்லை.

பனிமூட்ட நகரம்

ஆக்லாந்தில் இறங்கி, தெற்கே சுமார் 125 கிலோமீட்டர் போனால் ஹாமில்டன். மாவோரி மக்கள் வைத்த பெயர் கிரிகிரிரோவா. நகரத்தின் நடுவே வைகாடோ நதி ஓடுகிறது. நியூசிலாந்தின் மிக நீளமான நதி, 425 கிலோமீட்டர். ஜூலை மாதம் அங்கே குளிர்காலம். நதியிலிருந்து கிளம்பும் பனிமூட்டம் காலை பத்து மணி வரைக்கும் ஊரை மூடியே வைத்திருக்கும். கொடைக்கானல் பார்த்து வளர்ந்தவன்தான் நான். ஆனால், மலையே இல்லாத ஊரில் இப்படி ஒரு பனியைப் பார்த்ததில்லை.

ஊர் அழகு. நதிக்கரையில் ஹாமில்டன் தோட்டம் இருக்கிறது. அதற்குள் மொகலாயர் பாணியில் ஒரு இந்திய சார்பாக் தோட்டம்கூட இருக்கிறது. ஆனால், கார் இல்லாமல் இந்த ஊரில் வாழ்வது கஷ்டம். பலசரக்குக் கடைக்கே இரண்டு கிலோமீட்டர். மளிகைப் பைகளைத் தூக்கிக்கொண்டு மழையில் நடந்துவந்த முதல் நாளே, நானும் கார் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

வெளிநாட்டுக்காரர் வாங்க முடியுமா?

எனக்கு இருந்த முதல் சந்தேகமே இதுதான். பி.ஆர் வேண்டுமா, எவ்வளவு நாள் அங்கே இருந்திருக்க வேண்டும், யாராவது ஜாமீன் போட வேண்டுமா?

எதுவுமே வேண்டாம்! சுற்றுலா வந்தவர்கூட நியூசிலாந்தில் கார் வாங்கித் தன் பெயரில் பதிவு செய்துகொள்ளலாம். அடையாளத்துக்கு பாஸ்போர்ட், தபால் வருவதற்கு உள்ளூர் முகவரி, இவை போதும். ஐரோப்பாவிலிருந்து வரும் இளைஞர்கள் ஒரு பழைய வேனை வாங்கி, பின்னால் மெத்தை போட்டு, நாடு முழுக்கச் சுற்றிவிட்டு, ஊருக்குத் திரும்பும்போது அடுத்து வரும் ஆளுக்கு விற்றுவிட்டுப் போகிறார்கள்.

எல்லா நாடும் இப்படி இல்லை. சிங்கப்பூரில் கார் விலையைவிட, காரை வைத்துக்கொள்ளும் உரிமைச் சான்றிதழ்தான் பெரிய செலவு. அதை ஏலத்தில் எடுக்க வேண்டும். பத்து வருடம்தான் செல்லும். ஜெர்மனியில் இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுக்கும் எண் கையில் இல்லாமல் வண்டியைப் பதிவே செய்ய முடியாது. அமீரகத்திலும் இன்ஷூரன்ஸ் எடுத்த பிறகுதான், அங்கே 'முல்கியா' என்று சொல்லப்படும் பதிவு அட்டை கிடைக்கும். நியூசிலாந்து இந்த விஷயத்தில் ரொம்பவே தாராளம். ஆனால், இந்தத் தாராளத்துக்குள்தான் சில பள்ளங்களும் இருக்கின்றன. அதைத்தான் நாங்கள் அடுத்த பத்து நாளில் கற்றுக்கொண்டோம்.

கண்ணாடியில் இரண்டு ஸ்டிக்கர்

நம் ஊரில் பழைய கார் பார்க்கப் போனால் ஆர்.சி புக், இன்ஷூரன்ஸ், பொல்யூஷன் சர்டிஃபிகேட் என்று கேட்போம். அங்கே முதலில் பார்க்க வேண்டியது முன்பக்கக் கண்ணாடியில் இருக்கும் இரண்டு ஸ்டிக்கர்களைத்தான்.

ஒன்று, 'வாரன்ட் ஆஃப் ஃபிட்னஸ்'. சுருக்கமாக 'வோஃப்' என்கிறார்கள். கிட்டத்தட்ட நம்ம ஊர் எஃப்.சி மாதிரி. பிரேக், டயர், லைட், சீட் பெல்ட், துரு எல்லாவற்றையும் சோதித்துக் கொடுப்பது. நாங்கள் வாங்கும்போது இருந்த விதிப்படி, 2000-க்குப் பிறகு பதிவான கார்களுக்கு வருடம் ஒருமுறை, அதற்கு முந்தைய கார்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. விற்கிறவர் ஒரு மாதத்துக்குள் எடுத்த வோஃபோடு காரை ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். "இருக்கிறபடியே வாங்கிக்கொள்கிறேன்" என்று நாம் எழுதிக் கொடுத்தால் மட்டும்தான் விலக்கு. யாராவது அப்படி எழுதிக் கேட்டால் உஷாராகிவிட வேண்டும்.

இன்னொன்று 'ரெஜோ'. சாலையில் ஓட்டுவதற்கான லைசென்ஸ் கட்டணம். மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று நம் வசதிக்குக் கட்டலாம். வண்டி கைமாறினால் மீதி நாள்களும் வண்டியோடு வந்துவிடும். நம்பர் பிளேட்டும் மாறாது.

டீசல் கார் விலை குறைவாக இருக்கிறதே என்று நான் ஒன்றைக் காட்டினேன். சேச்சியின் கணவர் சிரித்தார். "டீசலுக்கு ஓடுற கிலோமீட்டருக்குத் தனியா வரி கட்டணும். ஆயிரம் கிலோமீட்டருக்கு 76 டாலர்" என்றார். பெட்ரோலில் அந்த வரி விலையிலேயே சேர்ந்துவிடுகிறது. டீசலுக்கு நாமே முன்கூட்டி வாங்க வேண்டும். 2024 ஏப்ரலில் இருந்து எலெக்ட்ரிக் கார்களுக்கும் இந்த வரி வந்துவிட்டது. முந்தைய ஓனர் பாக்கி வைத்திருந்தால் அது புது ஓனர் தலையில் விழும். டீசல் ஆசையை அங்கேயே விட்டோம்.

முதல் கார்... அதிகாலை 3.30 மணி அப்பா!

ஒரு சனிக்கிழமை காலை 10 மணி. ஆன்லைன் விளம்பரத்தில் பார்த்த வெள்ளை நிறக் காரைப் பார்க்கப் போனோம். விலை 6,500 டாலர். சந்தை விலையைவிட நன்றாகவே குறைவு. விற்றவர் எங்களைவிட ஒன்றிரண்டு வயது பெரியவர். இரண்டு வாரத்தில் நாட்டைவிட்டுக் கிளம்புவதாகச் சொன்னார். நல்ல மனிதராகவே பேசினார்.

நான் வாட்ஸ்அப்பில் வீடியோ கால் போட்டேன். இந்தியாவைவிட நியூசிலாந்து அப்போது ஆறரை மணி நேரம் முன்னால். திண்டுக்கல்லில் அதிகாலை 3.30. முதல் ரிங்கிலேயே அப்பா எடுத்துவிட்டார். சட்டை போட்டு, தலை சீவி உட்கார்ந்திருந்தார்!

"பானட்டைத் தொட்டுப் பாரு. சூடா இருக்கா?"

"ஆமாப்பா, லேசா சூடா இருக்கு."

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்காங்க. குளிர்ல ஸ்டார்ட் ஆகிறதுக்கு மக்கர் பண்ற வண்டியா இருக்கலாம். இல்ல, சும்மாவும் ஓட்டிட்டு வந்திருக்கலாம். உடனே தப்பா நினைக்காத. ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கத்தைக் காட்டு."

மூடியின் உள்ளே மோர் மாதிரி வெளுத்த படிவம் இருந்தால், ஆயிலோடு தண்ணீர் கலக்கிறது என்று சந்தேகப்பட வேண்டுமாம். இல்லை. டயர் நான்கும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறதா? ஓகே. கதவு ரப்பரை விலக்கி உள்ளே பெயின்ட் ஒரே நிறமா? ஓகே. டார்ச் அடித்து அடிப்பக்கம் பார்த்தேன். துரு இல்லை. "டைமிங் பெல்ட் எப்ப மாத்தினாங்கன்னு பில் கேளு" என்றார் அப்பா. பில் இல்லை. ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய வண்டி. பெல்ட் அறுந்தால் இன்ஜினே போய்விடும்.

அக்காவுக்கு அந்த வெள்ளை நிறம் பிடித்துவிட்டது. "பெல்ட் மாத்தினாலும் லாபம்தான்டா. அட்வான்ஸ் கொடுத்துடலாம்" என்றாள். விற்றவரும், "இன்னொருத்தர் மாலையில் பார்க்க வருகிறார்" என்றார். அக்கா போனில் பேங்க் ஆப்பைத் திறந்துவிட்டாள்.

அப்போது அப்பா கேட்ட ஒரே கேள்விதான் எங்களைக் காப்பாற்றியது. "வண்டி மேல லோன் இருக்கா?"

நம் ஊரில் ஆர்.சி புக்கிலேயே 'ஹைப்போதிகேஷன்' என்று ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இருக்கும். என்.ஓ.சி இல்லாமல் பெயர் மாற்ற முடியாது. நியூசிலாந்தில் அப்படி இல்லை. கடன் இருந்தாலும் பெயர் மாற்றம் நடந்துவிடும். ஆனால், கடன் வண்டியோடேயே வரும். பழைய ஓனர் தவணை கட்டாவிட்டால், ஃபைனான்ஸ் கம்பெனி புது ஓனர் வீட்டு வாசலில் வந்து வண்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம். இதைச் சரிபார்ப்பதற்கென்றே அரசாங்கப் பதிவேடு ஒன்று ஆன்லைனில் இருக்கிறது. பெயர் பி.பி.எஸ்.ஆர். நம்பர் பிளேட் எண்ணைக் கொடுத்து, சில டாலர்கள் கட்டினால் போதும்.

தெருமுனைக்கு வந்து, அக்காவின் போனில் தேடினோம். வெள்ளைக் கார் மீது கடன் பதிவாகியிருந்தது.

திரும்பிப்போய்க் கேட்டோம். "ஆமாம், கொஞ்சம் பாக்கி இருக்கிறது. நீங்கள் கொடுக்கும் பணத்தில்தான் அடைக்கப்போகிறேன்" என்றார். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். கடனை அடைத்து, பதிவை நீக்கிய பிறகு வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். அவர் மறுபடி கூப்பிடவே இல்லை.

வீடு திரும்பும் வழியில் அக்கா எதுவும் பேசவில்லை. எட்டு மாதச் சேமிப்பில் பெரும்பகுதி அந்த 6,500 டாலர். இன்னும் ஒரு நிமிடத்தில் அனுப்பியிருப்பாள்.

ஜப்பானிய மொழி பேசும் கார்

அடுத்த வாரம், பதிவு பெற்ற டீலர்களிடம் மட்டும் பார்ப்பது என்று முடிவெடுத்தோம். விலை ஆயிரம் டாலராவது கூடுதல். ஆனால், டீலரிடம் வாங்கினால் பழைய கடன் நம்மைத் தொடராது. வண்டியில் பெரிய குறை இருந்தால் நுகர்வோர் சட்டப்படி கேட்கவும் வழி உண்டு. தனிநபரிடம் வாங்கினால் அந்தச் சட்டம் உதவாது. டீலர் நிறுத்தியிருக்கும் ஒவ்வொரு காரிலும் வண்டியின் விவர அட்டை ஒன்று ஒட்டியிருக்க வேண்டும் என்பதும் விதி.

அங்கே ஓடும் பழைய கார்களில் பாதிக்கு மேல் ஜப்பானிலிருந்து கப்பலில் வந்தவையோ என்று தோன்றும் அளவுக்கு எங்கு பார்த்தாலும் ஜப்பான் கார்கள். ஸ்டியரிங் நம் ஊர் மாதிரி வலது பக்கம், சாலையில் இடது பக்கம். அதனால், ஜப்பானில் பயன்படுத்திய கார்களை அப்படியே ஓட்டலாம். ஒரே வேடிக்கை, ரேடியோ. ஜப்பானின் எஃப்.எம் அலைவரிசை வேறு என்பதால் ஒன்றிரண்டு ஸ்டேஷன்தான் எடுக்கும்!

நாங்கள் பிடித்தது 2012 மாடல் ஹோண்டா ஃபிட். நம்ம ஊரில் 'ஜாஸ்' என்று விற்றார்களே, அதே கார். 1,18,000 கிலோமீட்டர் ஓடியது. இன்ஜினில் பெல்ட்டுக்குப் பதில் செயின். சாவியைத் திருப்பியதும் ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ மரியாதையாகச் சொன்னது. "என்னப்பா சொல்லுது?" என்று அப்பா திண்டுக்கல்லிலிருந்து கேட்டார். ஜப்பானின் டோல்கேட் கார்டைச் சொருகவில்லை என்று சொல்கிறதாம். டீலர்தான் விளக்கினார். "டோல்கேட்டே இல்லாத ஊர்ல போய் இது கேக்குது பாரு" என்று அப்பா வெகு நேரம் சிரித்தார்.

ஆனாலும், தனி மெக்கானிக் ஒருவரை வைத்துச் சோதித்தோம். சுமார் 200 டாலர். 'வோஃப்' என்பது பாதுகாப்புச் சோதனை மட்டும்தான். இன்ஜினும் கியர் பாக்ஸும் எத்தனை நாள் தாங்கும் என்று அது சொல்லாது. மெக்கானிக் இரண்டு பக்க ரிப்போர்ட் கொடுத்தார். பின்பக்க பிரேக் பேடு தேய்ந்திருக்கிறது, பேட்டரி பழசு. அந்த ரிப்போர்ட்டைக் காட்டிப் பேசியதில் விலை 8,200-லிருந்து 7,800 டாலருக்கு இறங்கியது. ஏறக்குறைய 3.9 லட்சம் ரூபாய். மெக்கானிக் ஃபீஸைப் போல இரண்டு மடங்கு மிச்சம்.

பத்து நிமிட 'ஆர்.டி.ஓ ஆபீஸ்'

நம் ஊரில் பெயர் மாற்ற ஃபார்ம் 29, ஃபார்ம் 30 என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஆர்.டி.ஓ ஆபீஸுக்கு நடக்க வேண்டும். நியூசிலாந்து டிரைவிங் லைசென்ஸ் இருப்பவர்கள் அங்கே ஆன்லைனிலேயே முடித்துவிடுகிறார்கள். அக்காவிடம் இருந்தது தமிழ்நாட்டு லைசென்ஸ். ஆங்கிலத்தில் இருப்பதால் குறிப்பிட்ட காலம்வரை அதை வைத்தே ஓட்டலாம். ஆனால், இந்திய லைசென்ஸை நேரடியாக மாற்றித் தர மாட்டார்கள். எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அதனால் நாங்கள் போனது ஒரு போஸ்ட் ஆபீஸ் கவுன்ட்டருக்கு! தபால்தலை, பார்சல் கவர் விற்கும் அதே கவுன்ட்டர். 'எம்.ஆர் 13ஏ' என்று ஒரே ஒரு பக்க ஃபார்ம். நம்பர் பிளேட் எண், பெயர், பிறந்த தேதி, முகவரி, கையெழுத்து. பாஸ்போர்ட்டைக் காட்டினோம். கட்டணம் பத்து டாலருக்குள்தான். விற்றவர் தன் பக்கத்துக்கு, விற்றுவிட்டதாகத் தனியாகத் தெரிவிக்க வேண்டும். அதை டீலர் எங்கள் கண் முன்னாலேயே செய்தார். இது முக்கியம். விற்றவர் சொல்லாவிட்டாலும் வாங்கியவர் உடனே சொல்லிவிட வேண்டும்.

கவுன்ட்டரில் இருந்த பெண்மணி அழைத்தபோது நாங்கள் இருவருமே ஒரு நொடி திரும்பவில்லை. அவர் கூப்பிட்டது அப்பாவின் பெயரை! எங்கள் பாஸ்போர்ட்டில் சர்நேம் இருக்கும் இடத்தில் அப்பா பெயர்தானே இருக்கிறது. 'மிஸ்' போட்டு அப்பா பெயரைக் கேட்டதும் அக்கா சிரித்துவிட்டாள்.

மொத்தம் பத்து நிமிடம். கார் அக்காவுடையது.

இன்ஷூரன்ஸ்... கட்டாயம் இல்லை. ஆனால்?

இந்த இடத்தில்தான் நான் ஒரு தப்பு செய்யப் பார்த்தேன்.

இந்தியாவில் 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் கட்டாயம். நியூசிலாந்தில் கார் இன்ஷூரன்ஸ் கட்டாயமே இல்லை! காரணம், ஏ.சி.சி என்ற அரசுத் திட்டம். 1974-லிருந்து நடக்கிறது. விபத்தில் யாருக்குக் காயம் பட்டாலும், தப்பு யார் மீது இருந்தாலும், சிகிச்சைக்கு அரசே உதவும். சுற்றுலாப் பயணிக்கும் இது உண்டு. அதற்குப் பதிலாக, காயத்துக்கு நஷ்டஈடு கேட்டு இடித்தவர் மீது வழக்குப் போட முடியாது. பெட்ரோல் விலையிலும் ரெஜோ கட்டணத்திலும் இதற்கான பணத்தை எடுத்துக்கொள்கிறார்கள்.

நான் உடனே, "அப்புறம் என்னக்கா? கட்டாயமும் இல்ல. காயத்துக்கு கவர்மென்ட் பார்த்துக்கும். இன்ஷூரன்ஸை ஆறு மாசம் கழிச்சுப் போட்டுக்கோ" என்றேன். பழைய காருக்கு முழு இன்ஷூரன்ஸ் வருடத்துக்கு 900 டாலருக்கு மேல் சொன்னார்கள். தேர்டு பார்ட்டி மட்டும் என்றால் 300-க்குக் கொஞ்சம் குறைவு. இரண்டுக்கும் நடுவில், திருட்டு, தீ விபத்தையும் சேர்த்து ஒரு பாலிசி. வெளிநாட்டு லைசென்ஸ் என்பதால் 'எக்ஸஸ்', அதாவது கிளெய்ம் செய்யும்போது நம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை, கொஞ்சம் கூடுதல். அக்காவும் யோசித்தாள். காருக்குக் கொடுத்தது போக, கையில் மிச்சம் குறைவுதான்.

அன்று இரவு போனில் இதைச் சொன்னபோது அப்பா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "வடமதுரை கேஸ் ஞாபகம் இருக்கா உங்களுக்கு?" என்றார்.

எனக்கு அரைகுறையாக ஞாபகம் இருந்தது. நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது, வடமதுரை பக்கத்தில் அப்பா ஓட்டிய டிராவல்ஸ் வேன் ஒரு பைக்கில் மோதிவிட்டது. பைக்கில் வந்தவருக்குக் கால் முறிந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால், வேனின் இன்ஷூரன்ஸ் முடிந்து 12 நாள் ஆகியிருந்தது. ஓனர் மறந்துவிட்டார். அப்பாவுக்கு அது தெரியாது. இழப்பீட்டு வழக்கில் ஓனரோடு சேர்ந்து அப்பாவும் மூன்று வருடம் கோர்ட்டுக்கு அலைந்தார். ஓனர் வேனை விற்றுத்தான் பணம் கட்டினார். வேன் போனதும் அப்பாவுக்கு வேலையும் போனது. அந்த எட்டு மாதத்தில் அம்மாவின் வளையல் இரண்டும் போயின.

"அந்த ஓனர் கெட்டவர் இல்லப்பா. நாளைக்குக் கட்டிக்கலாம்னு நினைச்சார், அவ்வளவுதான்" என்றார் அப்பா. "அடுத்தவங்க வண்டியில மோதினா அதுக்கு உங்க கவர்மென்ட் கொடுக்குமா?"

கொடுக்காது. ஏ.சி.சி காயத்துக்கு மட்டும்தான். அடுத்தவர் காருக்கு ஏற்படும் சேதம் முழுக்க நம் தலையில். மோதியது 60 ஆயிரம் டாலர் காராக இருந்தால்? அக்காவின் சம்பளத்தில் எத்தனை வருடம்?

"கட்டாயம் இல்லன்னா வேணாம்னு அர்த்தம் இல்ல" என்றார் அப்பா. கார் அக்காவின் மொத்தச் சேமிப்பு என்பதால் முழு இன்ஷூரன்ஸையே எடுத்தோம். அங்கே சம்பளம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்பதால், பிரீமியத்தையும் அதே கணக்கில் தவணையாகக் கட்டலாம். கேள்விகள் எல்லாவற்றுக்கும் உண்மையான பதில் சொன்னோம். எத்தனை வருட லைசென்ஸ், பழைய விபத்து உண்டா, இரவில் வண்டி எங்கே நிற்கும், வேறு யார் ஓட்டுவார்கள்... பொய் சொல்லி பிரீமியத்தைக் குறைத்தால், கிளெய்ம் வரும்போது கம்பெனி கைவிரித்துவிடும். பாலிசி ஆரம்பித்த பிறகுதான் டீலரிடமிருந்து வண்டியை வெளியே எடுத்தோம்.

கறுப்பு மணல் கடற்கரை

முதல் பயணம், மேற்கே சுமார் 48 கிலோமீட்டரில் இருக்கும் ராக்லன். கிளம்பும் முன், அக்கா வாசலில் நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். பக்கத்து வீட்டுப் பாட்டி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வெளியே வந்து, என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னதும், தன் பழைய காருக்கும் வைக்கச் சொன்னார்! தன் வீட்டு மரத்திலிருந்து அவரே பழம் பறித்துக் கொடுத்தார்.

இடது பக்கம் ஓட்டும் நாடு என்பதால் நமக்குப் பழக எளிது. ஆனால், ரவுண்டானாவில் வலது பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட்டே ஆக வேண்டும். ஒரே வண்டி போகும் அகலத்தில் சில பாலங்கள் வரும். யார் முதலில் போவது என்று போர்டில் அம்புக்குறி இருக்கும். நமக்கு சின்ன சிவப்பு அம்பு என்றால் நின்று வழிவிட வேண்டும். ஹாரன் சத்தமே கேட்கவில்லை. நான் பழக்கதோஷத்தில் ஒரு வளைவில் ஹாரன் அடிக்க, புல்வெளியில் இருந்த மாடுகள் மட்டும் திரும்பிப் பார்த்தன.

மலையேறி இறங்கினால் ராக்லன். இரும்புத்தாது கலந்த கறுப்பு மணல். அலைச்சறுக்கு ஆடுபவர்களுக்குப் புகழ்பெற்ற கடற்கரை. வழியில் பிரிந்து போனால் வைரேய்ங்கா அருவி, 55 மீட்டர் உயரம். அருவிக்கு முன்னால் நின்று அக்கா சொன்னாள், "எட்டு மாசமா இந்த ஊர்ல இருக்கேன். இதுவரைக்கும் வேலை பார்க்கிற இடமும் வீடும் தவிர எதையும் பார்க்கல." எனக்குத் தொண்டை அடைத்தது. நான்கு டாலர் பஜ்ஜி மாதிரி ஏதோ வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றினேன்.

வெளிநாட்டில் பழைய கார் வாங்குகிறீர்களா? இதை மறக்காதீர்கள்!

* எந்த நாடானாலும், காருக்குக் கடன் இருக்கிறதா என்று பார்க்க என்ன வழி என்பதை முதலில் கேளுங்கள். பணம் அனுப்பும் முன் அதைச் சரிபாருங்கள்.

* பெயர் மாற்றம் முதலா, இன்ஷூரன்ஸ் முதலா என்பது நாட்டுக்கு நாடு மாறும். வரிசை தெரியாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

* இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து பாருங்கள். விற்பவரிடம் முன்கூட்டியே அப்படிச் சொல்லிவிட்டுப் போங்கள்.

* "இன்னொருத்தர் வர்றார்" என்ற அவசரத்துக்கு அசையாதீர்கள். தனி மெக்கானிக் சோதனைக்கு ஒப்புக்கொள்ளாதவரிடம் வாங்காதீர்கள்.

* இந்திய லைசென்ஸ் எத்தனை மாதம் செல்லும் என்று தெரிந்துகொள்ளுங்கள். லைசென்ஸ் செல்லாத நாளில் ஓட்டினால் இன்ஷூரன்ஸும் உதவாது.

* இந்தியாவில் நோ கிளெய்ம் போனஸ் இருந்தால், அதற்கான கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில நிறுவனங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளும். கேட்பதில் நஷ்டம் இல்லை.

ஒரு கடிதம்

நான் ஊருக்குத் திரும்பி ஆறாவது வாரம், அக்கா போன் செய்தாள். குரலில் நடுக்கம். பனிமூட்டமான காலையில், வேலை பார்க்கும் இடத்தின் பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுத்தபோது, நின்றிருந்த ஒரு பெரிய வண்டியின் கதவிலும் விளக்கிலும் இடித்துவிட்டாள். யாருக்கும் காயம் இல்லை. வண்டிக்காரர் உடன் வேலை பார்ப்பவர்தான். அவர் வந்து கேட்ட முதல் கேள்வி, "இன்ஷூரன்ஸ் இருக்கிறதா?"

"இருக்கு" என்று சொன்னபோதுதான் தனக்கு மூச்சே வந்தது என்றாள். எக்ஸஸ் 500 டாலர் கட்டினாள். மீதியை இரண்டு கம்பெனிகளும் பேசி முடித்துக்கொண்டன. அந்த மனிதர் அடுத்த வாரமே அவளுக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்தாராம்.

அப்பாவுக்கு இந்த விஷயத்தைச் சொன்னோம். திட்டுவார் என்று நினைத்தோம். "இதுக்குத்தாம்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அவர் வாட்ஸ்அப்பில் இன்னொரு படம் இருக்கிறது. நான் அங்கே இருந்தபோது தபாலில் வந்த பதிவுச் சான்றிதழ். அன்றைக்கு அக்கா அதை வீடியோ காலில் காட்டினாள். "படி" என்றார் அப்பா. நம்பர், மாடல், நிறம், பிறகு பெயர். முதலில் சர்நேம். அப்பாவின் பெயர், பெரிய எழுத்தில்.

அப்பா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "ஓனர்னு போட்டிருக்கானா?"

இல்லை. நியூசிலாந்தில் அந்தச் சான்றிதழ் சட்டப்படி உரிமைக்கான பத்திரம் இல்லை. 'பதிவு செய்யப்பட்ட நபர்' என்றுதான் சொல்கிறார்கள். அந்த வண்டிக்குப் பொறுப்பானவர் என்று அர்த்தம். நான் கொஞ்சம் தயங்கி அதைச் சொன்னேன்.

"வண்டிக்கு நீதான் பொறுப்புன்னு எழுதியிருக்கு. அப்படித்தானே?" என்றார் அப்பா. "அது போதும். அதை போட்டோ எடுத்து அனுப்பு."